அடகுக் கடை உரிமம்: கேட்டால் கிடைக்குமா தகவல்?

புது தில்லி: நகையை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் கடைக்கு முறையான உரிமம் இருக்கிறதா என்பதை அறிந்துகொள்ள, நகையை அடகு வைத்தவருக்கு உரிமை உண்டா? உண்டு என்கிறது 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஆனால் அந்தத் தகவல் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே தலைநகரில் முதல் சிக்கலாக உள்ளது. அதோடு, அச்சட்டத்தில் செய்யப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஒரு திருத்தம், உரிமம் பெற்றவரின் பெயரைக்கூட "தனிப்பட்ட தகவல்" என்று கூறி மறுப்பதற்கு வழி திறந்துவிட்டதோ என்ற கேள்வியையும் எழுப்பியுள்ளது.

பல துறை, பல பதிவேடு

கடைகள், தொழில்களுக்கான மாநகராட்சி உரிமங்கள் 1957ஆம் ஆண்டு தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கட்டடத்துக்கான சொத்து வரிப் பதிவும் மாநகராட்சியிடமே உள்ளது. கடையும் அதன் ஊழியர்களும் 1954ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்படி தில்லி அரசின் தொழிலாளர் துறை வரம்பில் அடங்குவர். வட்டிக்குப் பணம் கொடுக்கும் தொழிலோ இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கிறது.

வட்டித் தொழில் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 30ஆவது இனமாக இடம்பெற்றுள்ளது. இதனால் மாநிலத்துக்கு ஒரு சட்டம், சட்டத்துக்கு ஓர் அதிகாரி என்ற நிலை நிலவுகிறது. தமிழகத்தில் 1943ஆம் ஆண்டு அடகு பிடிப்போர் சட்டப்படி வட்டாட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். கர்நாடகத்தில் 1961ஆம் ஆண்டின் சட்டமும், மகாராஷ்டிரத்தில் 2014ஆம் ஆண்டின் சட்டமும் கூட்டுறவுத் துறை அதிகாரிகளிடம் இந்தப் பொறுப்பை அளித்துள்ளன. தில்லியில் இன்றும் பேசப்படுவது, பஞ்சாபிலிருந்து நீட்டிக்கப்பட்ட 1938ஆம் ஆண்டு வட்டித் தொழில் செய்வோர் பதிவுச் சட்டமாகும். அதன்படி பதிவும் உரிமமும் அளிப்பவர் மாவட்ட ஆட்சியர்.

கடன் பெற்றவருக்கு இந்தச் சட்டம் தரும் பாதுகாப்பு சிறிதல்ல. பதிவும் செல்லத்தக்க உரிமமும் இல்லாமல் வட்டித் தொழில் நடத்துபவர், கடனை வசூலிக்கக் கோரித் தொடுக்கும் வழக்கு தள்ளுபடி செய்யப்பட வேண்டும் என்று அதன் 3ஆவது பிரிவு கூறுகிறது. ஆகவே, கடைக்காரருக்கு உரிமம் உண்டா என்ற விவரம் கடனாளிக்கு நீதிமன்றத்தில் உதவக்கூடிய ஓர் ஆவணமாகும்.

பெரிய நிறுவனங்களின் நகைக் கடன் கிளைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ரிசர்வ் வங்கியில் பதிவு செய்துகொண்ட வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டித் தொழில் சட்டங்கள் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. அந்த நிறுவனங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. தெருமுனை அடகுக் கடையில் நகை வைப்பவர்தான் பதிவேட்டைத் தேடி அலைய வேண்டியவராகிறார்.

ஐந்து நாளில் மாற்ற வேண்டும்

மாநகராட்சியிடம் இல்லாத தகவலைக் கேட்டு அங்கே விண்ணப்பித்தால், அது நிராகரிக்கப்பட வேண்டியதில்லை. உரிய அலுவலகத்துக்கு 5 நாள்களுக்குள் அந்த மனுவை மாற்றி அனுப்பி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 6(3)ஆவது பிரிவு. எனினும், தகவல் பல துறைகளில் சிதறிக் கிடந்தால், ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே விண்ணப்பிக்குமாறு மனுதாரரிடம் கூறலாம் என்று மத்தியப் பணியாளர் துறை 2008 ஜூனில் வெளியிட்ட குறிப்பாணை தெரிவிக்கிறது. ஒரே மனுவில் எல்லாவற்றையும் கேட்பவர் ஏமாற்றமடைய இதுவும் ஒரு காரணம்.

மாநகராட்சியின் அமைப்பும் இதில் கணக்கில் கொள்ளப்பட வேண்டியதாகும். 2012இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட தில்லி மாநகராட்சி, 2022 மே மாதம் மீண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டது. இன்று 12 மண்டலங்களாக இயங்குகிறது. சாந்தினி சௌக், கரோல் பாக் போன்ற நகைக் கடைகள் நிறைந்த பகுதிகளில் பழைய கோப்பைத் தேடுவோர், கடையின் முகவரியோடு மண்டலத்தையும் ஆண்டையும் குறிப்பிட்டால்தான் மனு உரிய மேசையைச் சென்றடையும்.

விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். நகலுக்குப் பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். கருத்தோ விளக்கமோ கேட்பதைவிட, இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேட்பதே பயன் தரும். கைவசம் இல்லாத தகவலைப் புதிதாகத் தொகுத்துத் தரும் கடமை அலுவலகத்துக்கு இல்லை என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் கூறியுள்ளது.

கடைக்காரர் ரகசியம் என்று கருதிக் கொடுத்த விவரமாக இருந்தால், 11ஆவது பிரிவின்படி அவருக்கு 5 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்பி, ஆட்சேபம் தெரிவிக்க 10 நாள் அவகாசம் தர வேண்டும். ஆட்சேபம் வந்துவிட்டாலே தகவலை மறுத்துவிடலாம் என்று சட்டம் சொல்லவில்லை. முடிவெடுப்பவர் பொதுத் தகவல் அலுவலரே. தில்லி யூனியன் பிரதேசம் என்பதால், இரண்டாவது மேல்முறையீடு மத்திய தகவல் ஆணையத்துக்குச் செல்கிறது. காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

கடையின் கணக்குப் புத்தகம்

தனியார் கடையின் கணக்குகள் சட்டத்துக்கு அப்பாற்பட்டவை என்பதும் முழு உண்மையன்று. வேறொரு சட்டத்தின் கீழ் அரசு அலுவலகம் பெறக்கூடிய தனியார் தகவலும் "தகவல்" என்ற சொல்லுக்குள் அடங்கும் என்கிறது 2(எஃப்) பிரிவு. கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கூட்டுறவுச் சங்கம் பொது அதிகார அமைப்பு அல்ல என்று கூறியது. அதே நேரத்தில், சட்டப்படி பதிவாளர் பெறக்கூடிய தகவல்களை, விதிவிலக்குகளுக்கு உட்பட்டு, அவரிடம் கேட்டுப் பெறலாம் என்றும் தெளிவுபடுத்தியது. வங்கிகள் மீதான ஆய்வறிக்கைகளை ரிசர்வ் வங்கி மறைக்க முடியாது என்று 2015 டிசம்பரில் அளிக்கப்பட்ட தீர்ப்பும் இந்த வரிசையில் வருவதே.

ஆனால் அடகுக் கடைப் பதிவேட்டில் இரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். ஒருவர், அரசிடம் உரிமம் பெற்றுத் தொழில் நடத்துபவர். மற்றவர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவர். முன்னவர் அரசின் அனுமதியோடு பொதுமக்களிடம் தொழில் செய்கிறார். அவருடைய உரிமம் பொது விஷயம். பின்னவரின் பெயரும் முகவரியும் அடகு வைத்த பொருளும் அவருடைய சொந்த விஷயம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு காக்க வேண்டியது இவரைத்தான். ஒரே ஆவணத்தில் இருவர் விவரமும் இருந்தால், மறைக்க வேண்டியதை மட்டும் நீக்கிவிட்டு மீதியைத் தருவதற்கு 10ஆவது பிரிவு வழி செய்கிறது.

திருத்தம் கொண்டுவந்த மாற்றம்

முன்பிருந்த 8(1)(ஜே) பிரிவின்படி, பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடக்கூடிய தனிப்பட்ட தகவலை மறுக்கலாம். பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற விதியும் அதனோடு இருந்தது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)ஆவது பிரிவு இந்த நிபந்தனைகளை நீக்கியது. இப்போது "தனிப்பட்ட தகவல்" என்பதே மறுப்பதற்குப் போதுமான காரணமாகிவிட்டது.

அடகுக் கடைகளில் பல, தனி மனிதரின் பெயரிலேயே நடப்பவை. உரிமதாரரின் பெயர் தனிப்பட்ட தகவலாகக் கருதப்பட்டால், உரிமப் பட்டியலில் மிஞ்சுவது வரிசை எண் மட்டுமே. சட்டப்படி வெளியிடப்பட வேண்டிய தகவல்கள் தொடர்ந்து வெளியிடப்படும் என்று மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2025 ஏப்ரலில் விளக்கமளித்தார். பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்ற 8(2)ஆவது பிரிவும் நீடிக்கிறது. எனினும், அந்தப் பொதுநலனை எடைபோடும் பொறுப்பு, தகவலை வைத்திருக்கும் அலுவலகத்திடமே முதலில் விடப்பட்டுள்ளது.

அமைச்சரின் விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், உரிமப் பட்டியல் மறைக்கத்தக்கதன்று என்றே முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஏனெனில், அரசு வழங்கிய சலுகைகள், அனுமதிகள், அங்கீகாரங்கள் ஆகியவற்றைப் பெற்றவர்களின் விவரத்தை, யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 4(1)(பி) பிரிவு 2005 முதலே கட்டளையிடுகிறது. அந்தப் பிரிவு நடைமுறைப்படுத்தப்படுவதைத் தகவல் ஆணையங்கள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது.

தகவல் உரிமைக்கு 1997இலேயே மாநிலச் சட்டம் இயற்றிய தமிழகத்துக்கும் இது பொருந்தும். உரிமம் பெற்ற அடகுக் கடைகளின் பெயர், முகவரி, உரிமம் காலாவதியாகும் நாள் ஆகியவற்றை ஒவ்வோர் உரிமம் வழங்கும் அலுவலகமும் வெளியிடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அது நடக்கும் வரை, நகையை மீட்கப் போராடும் குடும்பம் 10 ரூபாய் மனுவோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். அதற்குள் அடகுச் சீட்டின் கெடுவும் முடிந்துவிடக்கூடும்.