ஏழு தலம், ஏழு மலை, ஒரு காசி

கொங்கு நாட்டில், சாவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் மனத்தில் முடிந்துவைத்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்றில் அடங்கிவிடும். தேவாரம் பெற்ற ஏழு சிவத்தலங்கள், கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியின் ஏழு மலைகள், இரண்டும் முடிந்தபின் காசி. முருகன் பக்தராக இருந்தால் பழனி பாதயாத்திரையும் சேரும். இதையே இன்றைய இளைஞர்கள் ‘பக்கெட் லிஸ்ட்’ என்கிறார்கள். 2007இல் அந்தப் பெயரில் ஹாலிவுட் படம் ஒன்று வந்தபின் உலகெங்கும் பரவிய வழக்கு அது. அதற்கு வெகு முன்பே, 1940இல், ஜான் கோடார்ட் என்ற அமெரிக்கச் சிறுவன் தன் 15ஆவது வயதில் 127 ஆசைகளைத் தாளில் எழுதிவைத்தான். வளர்ந்தபின் நைல் நதி நெடுகிலும் சிறு படகில் போய் அவற்றில் ஒன்றை நிறைவேற்றினான்.

கோடார்டின் பட்டியல் அவன் தானே எழுதியது. கொங்கின் பட்டியலை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. பிறக்கும்போதே அது ஊரில் இருக்கிறது. எங்கே போவது என்று இங்கே யாரும் குழம்புவதில்லை. வீட்டையும் தோட்டத்தையும் யார் பொறுப்பில் விட்டுப்போவது என்பதில்தான் ஆசை பல ஆண்டுகள் தடைப்பட்டு நிற்கிறது.

ஏழு தலங்கள் இவை: அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாக்கூடல். இன்றைய கணக்கில் திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. பவானி, திருச்செங்கோடு, கரூர் மூன்றும் சம்பந்தர் பாடியவை. அவிநாசி, திருமுருகன்பூண்டி, வெஞ்சமாக்கூடல் மூன்றும் சுந்தரர் பாடியவை. கொடுமுடியை அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடியிருக்கிறார்கள்.

இவர்களில் கொங்கு மண்ணோடு அதிகம் ஒட்டிப்போனவர் சுந்தரர்தான். அவிநாசியில் ஒரு வீட்டில் பூணூல் கலியாணச் சத்தம், எதிர்வீட்டில் அழுகை. இரண்டு வீட்டிலும் ஒரே வயதுப் பிள்ளைகள். எதிர்வீட்டுப் பிள்ளையைச் சில ஆண்டுகளுக்கு முன் குளத்து முதலை விழுங்கிவிட்டது. சுந்தரர் பதிகம் பாட, அந்த முதலை பிள்ளையை, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு, கரையில் கொண்டுவந்து விட்டது என்பது பெரியபுராணக் கதை. சேர மன்னர் சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடு சுந்தரர் திரும்பி வரும் வழியில், சிவகணங்களே வேடர் வேடத்தில் கொள்ளையடித்த இடம் திருமுருகன்பூண்டி. அவிநாசியிலிருந்து சில கிலோமீட்டர்தான். இன்று அங்கே சாலையோரம் முழுக்கக் கல்லுளிச் சத்தம் கேட்கும். சிற்பிகளின் ஊர் அது.

பவானியில் காவிரியும் பவானியாறும் கலக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாக நம்பிக்கை. அதனால் கூடுதுறையில் நீராடுவதும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பதும் ஆண்டு முழுக்க நடக்கும். அவ்வூர்க் கோயிலின் வேதநாயகி அம்மன் கனவில் வந்து எச்சரித்ததால் இடிந்து விழவிருந்த மாளிகையிலிருந்து தப்பினார் என்று சொல்லப்படும் கோவை கலெக்டர் வில்லியம் கேரோ, 1804இல் காணிக்கையாகக் கொடுத்த தந்தக் கட்டில் இன்றும் கோயிலில் இருக்கிறது. திருச்செங்கோட்டில் மலைமேல் அர்த்தநாரீஸ்வரர். அந்த ஊரில் அடியார்களை வாட்டிய குளிர்சுரம் நீங்கச் சம்பந்தர் பதிகம் பாடியதாக வரலாறு. வெஞ்சமாக்கூடல் குடகனாற்றின் கரையில் ஒதுங்கியிருக்கும் சிற்றூர். 1977 வெள்ளத்தில் பெரிதும் சிதைந்து, பின்னர் திருப்பணி செய்து எழுப்பப்பட்ட கோயில் அது. ஏழில் கூட்டம் குறைவாக இருப்பதும், நின்று நிதானமாகப் பார்க்க முடிவதும் அங்கேதான்.

வேன் அமர்த்தி ஏழையும் ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு. விடியற்காலையில் அவிநாசியில் தொடங்கினால் இரவு நடை சாத்துவதற்குள் வெஞ்சமாக்கூடலை எட்டிவிடலாம். ஆனால் நண்பகலில் கோயில்கள் சாத்தியிருக்கும் நேரத்தைக் கணக்கிட்டால், ஒவ்வோர் ஊரிலும் மிஞ்சுவது சொற்ப நேரம்தான். வாழ்நாள் ஆசையை அவ்வளவு அவசரமாகத் தீர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு, கூடுதுறையில் ஒரு காலையும் கொடுமுடிக் காவிரிக்கரையில் ஒரு மாலையும் கழிப்பதே நல்லது.

அந்த மூன்று நாள்தான் பலருக்குக் கிடைப்பதில்லை. தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் குடும்பத்தில் மாட்டுக்கு விடுமுறை கிடையாது. காலையும் மாலையும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றியாக வேண்டும். மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட்டுத் தண்ணீர் கட்டியாக வேண்டும். ஆகவே பயணத்துக்கான முதல் ஏற்பாடு பங்காளி வீட்டிலோ பக்கத்துத் தோட்டத்திலோ போய்ச் சொல்லிவைப்பதுதான். அவர்கள் போகும்போது இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தை, மாசியில் மஞ்சள் வெட்டு முடிந்து, அடுத்த ஆடிப்பட்ட விதைப்புக்கு இன்னும் மாதங்கள் இருக்கும் காலமே கொங்கில் யாத்திரைக்குத் தோதான காலம். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை மில்களிலும் வேலை செய்பவர்களுக்குக் காலத்தை முடிவு செய்வது பொங்கல், தீபாவளி விடுமுறைகள். பெண்களுக்கு இவற்றோடு சமையலும் பிள்ளை வளர்ப்பும் பேரன் பேத்திகளும் சேர்ந்துகொள்ளும். அறுபது வயதுக்குப் பிறகுதான் ஒரு பெண் தன் விருப்பத்துக்கு ஊரைத் தாண்டிப் போகிறாள் என்பது பல வீடுகளில் இன்னமும் உண்மை.

விடுப்பு கிடைக்காத ஆசையின் கதையைத் தமிழுலகம் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த நந்தனாரிடம் கண்டது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் அவருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய கீர்த்தனையில், பண்ணை வேலையை முடிக்காமல் போகக்கூடாது என்று தடுக்கும் ஆண்டை வருகிறார். 1935இல் வந்த படத்தில் நந்தனாராக நடித்தவர் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள். இக்கதை வெறும் பழங்கதை இல்லை. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை, தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயிலுக்குள் நுழையும் உரிமை எல்லா இடங்களிலும் உறுதியாகவில்லை. மரபு கொடுத்த பட்டியல் என்று பெருமைப்படும்போது, அந்தப் பட்டியல் ஒரு பகுதி மக்களுக்கு மூடிக் கிடந்ததையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

தனியாகப் போகத் தயங்குபவர்களைக் கூட்டமாக அழைத்துச் செல்வது பழனி பாதயாத்திரை. தைப்பூசத்தையொட்டிக் கொங்கு ஊர்களிலிருந்து பழனிச் சாலையில் காவடிகள் நிறைந்துவிடும். இவற்றில் தனித்துச் சொல்ல வேண்டியது எடப்பாடி பருவதராஜகுலத்தாரின் காவடி. ஆயிரக்கணக்கில் நடந்து வரும் இவர்கள் மலைமேலேயே பெருமளவில் பஞ்சாமிர்தம் தயாரிக்கிறார்கள். ஓர் இரவு மலைமேல் தங்கும் உரிமையும் இவர்களுக்கு உண்டு. ஊரே கிளம்புவதால், வேலையை விட்டுப் போகிறோமே என்ற குற்றவுணர்வு தனி ஒருவரை உறுத்துவதில்லை.

காசியின் கணக்கு வேறு. ரயில் வருவதற்கு முன்பு அங்கே போவது, திரும்பி வருவோமா என்று தெரியாமல் கிளம்புவதாகவே இருந்தது. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் புறப்பட்டு, 1831 செப்டம்பரில்தான் ஊர் திரும்பினார். ஏறத்தாழ 15 மாதம். வழியெங்கும் அவர் எழுதிவந்த குறிப்புகள் தெலுங்கில் புத்தகமாயின. கோவைப் பக்கம் ரயில் வந்தது 1862இல், போத்தனூர் வழியாக. அதற்குப் பிறகு மாதங்கள் நாள்களாகச் சுருங்கின. சடங்குகள் மட்டும் அப்படியே நின்றன. ராமேசுவரத்து மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் கரைப்பது, அங்கிருந்து கங்கை நீரைச் சொம்பில் அடைத்துக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது, பிடித்த காயும் கனியும் ஒவ்வொன்றை இனித் தொடுவதில்லை என்று விட்டுவிடுவது எல்லாம் இன்றும் நடக்கின்றன. காசி வரை போக முடியாதவர்களுக்கு அவிநாசியே காசி. அந்தக் கோயிலில் காசிக் கிணறு என்றே ஒரு தீர்த்தம் இருக்கிறது.

பணம் ஒரு காலத்தில் பெரிய தடை. இப்போது அது ஓரளவு விலகியிருக்கிறது. இந்து சமய அறநிலையத்துறை 60 முதல் 70 வயதுக்குட்பட்டவர்களை ராமேசுவரத்திலிருந்து காசிக்கு அரசுச் செலவில் அழைத்துச் செல்கிறது. 2023இல் முதல் ஆண்டில் 200 பேர் போனார்கள். அறுபடை வீடுகளுக்கும் இதே போன்ற திட்டம் உண்டு. தனியார் நடத்தும் ‘பாரத் கௌரவ்’ சுற்றுலா ரயில்களில் நாட்டிலேயே முதலாவது, 2022 ஜூன் மாதம் கோவை வடக்கு நிலையத்திலிருந்து ஷீரடிக்குப் புறப்பட்டது.

பணமோ அரசோ உதவ முடியாத இடம் வெள்ளியங்கிரி. நொய்யல் ஆறு பிறக்கும் மலைத்தொடர் அது. அடிவாரம் பூண்டி, கோவையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து மேலே ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நடை. ஏழாவது மலையின் உச்சி ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே குகையில் சுயம்பு லிங்கம். தென்கயிலாயம் என்று பெயர். வனத்துறை பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரைதான் பாதையைத் திறக்கிறது. வெயிலுக்குப் பயந்து பலர் அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு இரவில் ஏறுகிறார்கள். விடியும்போது உச்சியில் இருப்பார்கள். முதல் மலைப் படிகளே மூச்சு வாங்க வைக்கும். வழியில் சுனைகளில் நீர் கிடைக்கும். மேலே குளிர் கடுமை. இறங்கும்போது முழங்கால் படும் பாட்டைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

இங்கே உயிர்கள் போயிருக்கின்றன. 2024 பருவத்தில் மட்டும் மலையேறிய பலர் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் இறந்தார்கள். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையும் கோயில் நிர்வாகமும் எச்சரிக்கின்றன. கூட வந்தவர்கள் ஏறுகிறார்களே என்று கூச்சப்பட்டு ஏறுவது பெரும் ஆபத்து. மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொண்டு, சில வாரமாவது தினமும் நடந்து பழகிய பிறகே கிளம்ப வேண்டும். பாதி வழியில் நெஞ்சு கனத்தால் உட்கார்ந்துவிட வேண்டும், மேலே போகக்கூடாது.

ஆகவே பட்டியலின் வரிசையை வயதைப் பார்த்து மாற்றிக்கொள்வது நல்லது. ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம் என்று பலர் கடைசிக்குத் தள்ளிவைப்பது வெள்ளியங்கிரியைத்தான். ஆனால் முதலில் போக வேண்டியது அங்கேதான், முழங்காலும் மூச்சும் ஒத்துழைக்கும் நாற்பதுகளிலேயே. பழனி நடையை ஐம்பதுகளில் வைத்துக்கொள்ளலாம். திருச்செங்கோட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருந்தாலும் மலை உச்சி வரை வண்டி போகும் சாலை உண்டு. மற்ற ஆறு தலங்களும் சமவெளியில் இருக்கின்றன. அவற்றையும் காசியையும் அறுபதுக்குப் பிறகு, துணைக்கு ஓர் ஆளோடு, சாவகாசமாகப் பார்க்கலாம்.