98 பெரிதா, 7 பெரிதா?

ஒரு மென்பொருள் பெட்டியில் "விண்டோஸ் 98 அல்லது அதற்கு மேல்" என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 7 வைத்திருப்பவர் அதை வாங்கலாமா? எண்ணை மட்டும் பார்த்தால் கூடாது. ஆனால் 7 வந்ததோ 2009-இல். 98-க்குப் பதினோரு ஆண்டு இளையது.

ஆப்பிளிலும் இதே கூத்துதான். மேக் இயங்குதளத்தின் 10.9 பதிப்பு 2013-இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்தது 10.10. பள்ளிக்கூடக் கணக்கில் 10.10 சின்னது. பதிப்பு எண்ணிலோ அந்தப் புள்ளி தசமப்புள்ளி அல்ல. பாடநூலில் அத்தியாயத்தையும் உட்பிரிவையும் பிரிக்கிற புள்ளி மாதிரி. ஒன்பதாம் பிரிவுக்கு அடுத்தது பத்தாம் பிரிவு.

அதனால்தான் மைக்ரோசாஃப்ட், கூகுள் இரண்டின் நடைக் கையேடுகளும் பதிப்புகளைக் குறிக்கும்போது 'மேல்' என்பதைத் தவிர்த்துப் 'பிந்தைய' என்று எழுதச் சொல்கின்றன. 'மேல்' அளவுக்கு, 'பின்' காலத்துக்கு.

'பின்' என்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இன்னும் பிறக்காத பதிப்புக்கும் சேர்த்து அது வாக்குக் கொடுத்துவிடுகிறது. 2019-இல் வந்த மேக் 10.15, அதாவது கேட்டலினா, 32-பிட் செயலிகளை அடியோடு கைவிட்டது. "10.9 அல்லது அதற்குப் பிந்தையது" என்று ஒரு 32-பிட் செயலிக்கு எழுதியிருந்தால், அன்றோடு அந்த வரி பொய். எதுவரை சோதித்துப் பார்த்தோம் என்பதையும் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

சொல் நழுவி நீதிமன்றப் படியேறிய கதையும் உண்டு. விண்டோஸ் விஸ்டா வெளிவருவதற்கு முன், 2006-இல், 512 எம்பி ராம் கொண்ட கணினிகளிலும் "விஸ்டா கேப்பபிள்" (விஸ்டா இயங்கும்) என்ற ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. விளம்பரத்தில் மின்னிய 'ஏரோ' கண்ணாடித் திரைத்தோற்றம் அவற்றில் பலவற்றில் ஓடவில்லை. எளிய ஹோம் பேசிக் பதிப்புதான் ஓடியது. ஏரோவுக்கு 1 ஜிபி ராமும் வலுவான கிராஃபிக்ஸும் வேண்டும். அதற்கு "பிரீமியம் ரெடி" என்ற வேறு பெயர்! வாங்கியவர்கள் 2007-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் வழக்குத் தொடுத்தார்கள். குழு வழக்கு என்ற தகுதியை 2009-இல் நீதிமன்றம் விலக்கிக்கொண்டது. ஆனாலும் 'இயங்கும்' என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் என்ற கேள்வி ஊரறிய விவாதிக்கப்பட்டது.

தமிழில் எழுதுபவருக்குக் கூடுதலாக ஒரு பொறி காத்திருக்கிறது. "மெமரி ஃபுல்" என்று போனை நீட்டுகிறவர் ராமைச் சொல்வதில்லை, படம் சேமிக்க இடமில்லை என்கிறார். விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பகம். இரண்டையும் 'மெமரி' என்றே எழுதினால், 64 ஜிபி ராம் தேடிக் கடை கடையாக ஏறுவார் வாசிப்பவர்.