பெற்றோரின் மனத்தளர்ச்சியும் பள்ளிப் பிள்ளையும்

எலும்பு முறிந்தவரை எங்கே அழைத்துச் செல்வது என்பதைச் சித்தூர்ப் பகுதி மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தூர்க் கட்டின் பெயர் தமிழ்நாடெங்கும் பரவியுள்ளது. நாள்பட்ட காய்ச்சலாயின் வேலூருக்கோ திருப்பதிக்கோ பேருந்து ஏறுகின்றனர். ஆயின், ஒரு வீட்டில் தாயார் பல வாரங்களாக அடுப்படிக்குச் செல்ல மனமின்றிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாராயின், அதனை ஒரு நோயெனக் கொண்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. சோம்பல், பிடிவாதம், யாரோ செய்வினை செய்துவிட்டனர் என்பனவே முதலில் எழும் விளக்கங்கள். அவ்வீட்டில் ஒரு பள்ளிப் பிள்ளையும் இருக்கக்கூடும். இக்கட்டுரை அப்பிள்ளையைப் பற்றியது.

நோயின் இயல்பு

துயரம் எல்லோர்க்கும் வருவது. காரணம் நீங்கியபின் அல்லது காலம் சென்றபின் தானே தணிவது. மனத்தளர்ச்சி நோய் என மருத்துவர்கள் வழங்குவது வேறு. மனம் தாழ்ந்த நிலையோ, முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டமின்மையோ, நாளின் பெரும்பகுதியும், குறைந்தது இரண்டு வாரங்களேனும், விடாது நீடிப்பது அதன் முதல் அடையாளமாகும். அதனுடன் தூக்கம் கெடுதல், பசி குன்றுதல், காரணமற்ற களைப்பு, கவனம் நில்லாமை, தான் எதற்கும் பயனற்றவர் என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு ஆகியவற்றுள் சில சேர்ந்து வரும்.

நம் கிராமங்களில் இந்நோய் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே பேசுகின்றது. "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு சுகாதார நிலையத்திற்கு வருபவர் சிலரே. தலைபாரம், கைகால் குடைச்சல், நெஞ்சுப் படபடப்பு, தீராத அசதி என்று சொல்லி வருபவரே பலர். சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் பெற்றுத் திரும்பி, அடுத்த மாதம் மீண்டும் வருவர். ஆண்களிடத்திலோ அது சிடுசிடுப்பாகவும், கோபமாகவும், மதுவாகவும் வெளிப்படுதல் உண்டு. குடிக்கும் தந்தையர் அனைவரும் மனத்தளர்ச்சியுற்றவர் என்று கூறுதல் தவறு. எனினும், குடிக்குப் பின்னால் இந்நோய் மறைந்திருக்கின்றதா என்று கேட்டுப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் மிகக் குறைவு.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனத்தளர்ச்சிக்கு உட்பட்டவர். ஆய்வு நடந்த வேளையில் ஏறத்தாழ 40 பேருக்கு ஒருவர் அந்நோயுடன் இருந்தனர். அவர்களுள் 85 விழுக்காட்டினர்க்குச் சிகிச்சை கிட்டவில்லை. ஆந்திரப் பிரதேசம் அப்பன்னிரண்டில் இடம்பெறவில்லை; அண்டையிலுள்ள தமிழ்நாடு இடம்பெற்றது. நோயுற்ற ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடு உண்டு, பல வீடுகளில் குழந்தைகளும் உண்டு என்பதைக் கருதின், சிகிச்சையின்மையின் அளவு அந்த எண்ணைவிடப் பெரிதாகத் தோன்றும்.

தொட்டிலிலிருந்து வகுப்பறை வரை

பச்சிளங்குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தே உலகைக் கற்கின்றது. 1970களில் அமெரிக்க உளநூலறிஞர் எட்வர்ட் ட்ரோனிக் செய்த எளிய சோதனை ஒன்று புகழ்பெற்றது. குழந்தையுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய், சில நிமிடங்கள் முகத்தில் எவ்வித உணர்ச்சியும் காட்டாமல் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, குரலெழுப்பியது, பின்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிற்று. அச்சோதனையில் சில நிமிடங்களில் தாயின் சிரிப்பு மீண்டது. சிகிச்சை பெறாத மனத்தளர்ச்சியிலோ அது மாதக்கணக்கில் மீளாதிருக்கலாம்.

சித்தூர் எல்லையிலிருந்து தொலைவில்லாத வேலூர் மாவட்டக் கணியம்பாடி வட்டாரத்தில், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் இதுபற்றி ஆராய்ந்துள்ளனர். 2002இல் வெளியான ஆய்வின்படி, அங்குள்ள கிராமத் தாய்மாருள் 11 விழுக்காட்டினர்க்குப் பிரசவத்திற்குப்பின் புதிதாக மனத்தளர்ச்சி தோன்றிற்று. குறைந்த வருமானம், மகனை விரும்பிய வீட்டில் மகள் பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் மனத்தாங்கல், கைவேலைக்கு உதவியின்மை ஆகியவை அதனோடு சேர்ந்து காணப்பட்டன. அதே வட்டாரத்தில் ஊட்டக்குறைவுற்ற 72 குழந்தைகளையும் நன்கு வளர்ந்த 72 குழந்தைகளையும் ஒப்பிட்ட மற்றோர் ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளின் தாய்மாரிடம் மனத்தளர்ச்சி மிகுதியாக இருந்தது. அங்கன்வாடியில் எடை ஏறாத குழந்தையைக் காணும் ஊழியர், சத்துமாவு கொடுத்தனுப்புவதுடன் தாயின் முகத்தையும் ஒருமுறை நோக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

பிள்ளை வளர வளர, துன்பத்தின் உருவம் மாறுகின்றது. எடுத்துக்காட்டாக நகரியில் விசைத்தறி ஓட்டும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. தந்தைக்கு இரவுத் தறி. தாயாருக்கு ஆறு மாதங்களாக நோய்; அதன் பெயர் வீட்டில் எவர்க்கும் தெரியாது. ஏழாம் வகுப்பு படிக்கும் மூத்த மகள் விடியலில் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தம்பிக்குத் தலைவாரி, பள்ளிக்கு ஓடி வருகின்றாள். வகுப்பில் கடைசி மணியை எதிர்நோக்கியே அமர்ந்திருக்கின்றாள். விளையாட்டில் சேர்வதில்லை, தோழியரை வீட்டிற்கு அழைப்பதில்லை. தெருப்பிள்ளைகள் தாயைப் 'பிச்சி' என்று தெலுங்கில் ஏசியதை அவள் எவரிடமும் சொல்லவுமில்லை. பரீட்சையில் மதிப்பெண் குறைந்த அன்று அம்மா அழுததைக் கண்டாள். ஆகவே அம்மாவின் அழுகைக்குத் தானே காரணம் என்று முடிவு செய்துகொண்டாள்.

இம்முடிவை அப்பெண்ணின் அறியாமை என்று தள்ளிவிடலாகாது. வீட்டில் நடப்பதற்கு எவரும் காரணம் கூறாதபோது, பிள்ளைகள் தாமே ஒரு காரணத்தைப் புனைந்துகொள்கின்றனர். அக்காரணம் பெரும்பாலும் தாமாகவே இருக்கின்றது. தம்பியோ வேறு வகை. அவன் அடிதடியில் இறங்குவான், பாடம் எழுதமாட்டான். ஆசிரியரின் கண் அவன்மீது விழும். அக்காளை அவர் 'பொறுப்புள்ள பெண்' என்று வகுப்பின் முன் பாராட்டுவார். இத்தகைய பாராட்டே சில வேளைகளில் சுமையை இரட்டிப்பாக்குகின்றது என்பது என் கருத்து. பன்னிரண்டு வயதில் ஒரு குடும்பத்தைத் தாங்குவது நற்பண்பாக மட்டும் எண்ணப்படுமாயின், அப்பெண் 'முடியவில்லை' என்று எவரிடம் சொல்லுவாள்? எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் சில பிள்ளைகளின் பதிவேட்டில் 'வீட்டு வேலை' என்ற சொல் மட்டுமே இருக்கும்.

ஆராய்ச்சியாளர் கண்டவை

அமெரிக்காவில் மைர்னா வைஸ்மன் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 1980களின் தொடக்கத்திலிருந்து மனத்தளர்ச்சியுற்ற பெற்றோரின் மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்துள்ளனர். ஏனையோரை நோக்க, அவர்களுக்கு மனத்தளர்ச்சியும் கவலை நோயும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்காகக் காணப்பட்டது. இதில் பரம்பரைக்கும் பங்குண்டு. வளரும் சூழலுக்கும் பங்குண்டு. ஆயினும் வாய்ப்பு மிகுதி என்பதை விதி எனக் கொள்ளலாகாது. அத்தகைய வீடுகளில் பிறந்து நலமுடன் வாழ்வோர் பலர்.

ஊழியர்க்கு இதனினும் பயனுள்ளது 2006இல் அதே குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு. மனத்தளர்ச்சிக்கு மருந்து தரப்பட்ட தாய்மாரையும், அவர்களுடைய 7 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளையும் அவர்கள் ஒருங்கே கவனித்தனர். பிள்ளைகளுக்கென்று அவர்கள் சிகிச்சை எதுவும் அளிக்கவில்லை. தொடக்கத்தில் மனநலக் குறைபாடு இருந்த பிள்ளைகளுள், தாய் மூன்று மாதத்தில் முற்றும் குணமடைந்த வீடுகளில் 33 விழுக்காட்டினர் தாமும் நலமடைந்தனர். தாய் குணமடையாத வீடுகளில் நலமடைந்தோர் 12 விழுக்காட்டினரே. தொடக்கத்தில் குறைபாடு எதுவுமின்றி இருந்த பிள்ளைகளை நோக்கின், தாய் குணமடையாத வீடுகளில் 17 விழுக்காட்டினர்க்கு அம்மூன்று மாதங்களுக்குள் புதிதாகக் குறைபாடு தோன்றிற்று. தாய் குணமடைந்த வீடுகளில் ஒருவர்க்கும் தோன்றவில்லை. சிறு ஆய்வேயாயினும், தாய்க்குத் தரும் மருந்து பிள்ளைக்கும் சென்று சேர்வதை அது தெளிவாகக் காட்டிற்று.

இதற்கு மனநல மருத்துவரே வேண்டுமென்பதில்லை. பாகிஸ்தானத்தின் இராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், பள்ளிப்படிப்பு மட்டுமே பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் வீடுவீடாகச் சென்று, கருவுற்ற காலம் முதல் தாய்மாரிடம் முறையாக உரையாடி வந்தனர். 2008இல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது அவ்வுதவி பெற்ற தாய்மாருள் 23 விழுக்காட்டினரும், பெறாதவருள் 53 விழுக்காட்டினரும் மனத்தளர்ச்சியுடன் இருந்தனர். குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் வேறுபாடு தோன்றவில்லை. ஆனால் வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசிகளை முழுமையாகப் பெற்றவர் தொகை கூடிற்று.

பிள்ளையிடம் சொல்லுதல்

பெரியோர் பலர், "குழந்தைக்கு எதற்கு இதெல்லாம்?" என்று மறைக்க முயல்கின்றனர். மறைப்பதால் பிள்ளைக்குத் தெரியாமற் போவதில்லை. கேட்கக் கூடாது என்பது மட்டுமே தெரிகின்றது. தாயோ தந்தையோ, இயலாதபோது பாட்டியோ அத்தையோ, அவர்கள் இசைவுடன் ஆசிரியரோ, சிறு சொற்களில் கூறலாம். "அம்மாவுக்கு ஒரு நோய் வந்திருக்கிறது, கண்ணு. அதனால்தான் அவர் படுத்தே இருக்கிறார், சிரிப்பதில்லை. நீ செய்த எதனாலும் அது வரவில்லை. அதைக் குணப்படுத்துவது டாக்டர் வேலை, உன் வேலையன்று. உனக்குப் பயமாக இருந்தால் என்னிடம் வந்து சொல்." ஒருமுறை கூறினால் போதாது. வயது ஏற ஏறப் பிள்ளையின் வினாக்களும் மாறும், "எனக்கும் வருமா?" என்பது பதினைந்து வயதில் வரும் வினா.

எல்லைப்புற ஊர்களுக்கே உரிய ஒரு தொல்லையை இங்கே குறிப்பிட வேண்டும். 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே இன்றும் பல. தெலுங்கு மட்டும் அறிந்த ஊழியர் தமிழ்த் தாயை வினவும்போது, இரு மொழியும் அறிந்த பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்வது எளிய வழியாகத் தோன்றும். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அது பொருந்தலாம். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்ற வினாவை மகளின் வாயால் தாயிடம் கேட்பிப்பது பெருங்கொடுமை. அண்டை வீட்டுப் பெண்ணை நாடினால் வீட்டுச் செய்தி தெருவுக்குப் போகும். ஆதலின் தமிழறிந்த மற்றோர் ஊழியரை அழைத்துச் செல்வதே தக்கது.

ஊழியர் செய்யத்தக்கவை

ஐயம் தோன்றுமிடத்து இரு வினாக்கள் போதும். கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்தோ நம்பிக்கையற்றோ இருந்ததா? எதையும் செய்வதில் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமற் போயிற்றா? "ஆம், பெரும்பாலான நாட்களில்" என்ற விடை வருமாயின் மருத்துவரிடம் அனுப்புக. சாவு நினைவு உண்டா என்பதையும் தனிமையில் நேரே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாவதில்லை. உண்டு என்றால் அவரைத் தனியே விடாது, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். பயிர்க்குத் தெளிக்கும் மருந்து முதலியவற்றை வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்கச் செய்தலும் இன்றியமையாதது.

திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ரூயா மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. வேலூரையடுத்த பாகாயத்தில் 1957இல் தொடங்கப்பெற்ற மனநல மையம், நோயாளியுடன் குடும்பத்தினரையும் தங்கச் செய்து சிகிச்சை தரும் முறைக்குப் பெயர்பெற்றது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் பெறலாம். மருத்துவமனையில் சேர்ந்தால் கைக்குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று அஞ்சும் தாய்மார்க்கு, 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்று விதித்திருப்பதை எடுத்துக்கூறுக.

குடும்பத்தார் திருமலைக்கு முடிகாணிக்கை வேண்டிக்கொண்டிருப்பர். அதனை மறுத்துப் பேசுவதால் ஊழியர்க்கு வீட்டுக் கதவு மூடிக்கொள்வதன்றி வேறு பயனில்லை. மலைக்குச் செல்லும் நாளிலும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொன்னால் போதுமானது. மருந்து பயன்தரப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். பலர் முதல் வாரத்திலேயே பயனில்லை என்று விட்டுவிடுகின்றனர். குணமடைந்த பின்னரும் ஆறு மாதங்களேனும் தொடர்தல் வேண்டும். மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துதல் ஆகாது. மது பழகுவதுபோல் இம்மருந்து பழகிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது.

அதுவரை பள்ளி சும்மா இருக்க வேண்டியதில்லை. தாமதமாக வரும் நாளில் காரணம் கேளாது உள்ளே விடுதல், வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க இடமளித்தல், விளையாட்டு வேளையில் அப்பெண்ணை வேறு பணிக்கு ஏவாதிருத்தல், நம்பத்தக்க பெரியவர் ஒருவரை அவளுக்கெனக் குறித்து வைத்தல் ஆகியன செலவில்லாதவை. மருத்துவமனை நாளன்று தாயுடன் துணை செல்வது அவள் பொறுப்பாகாமல், உறவினர் ஒருவரை ஆஷா பணியாளர் ஏற்பாடு செய்யலாம்.

தாய் தேறிவரும்போது ஆசிரியர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். அதுவரை வாய் திறவாத அந்த 'நல்ல பெண்' வகுப்பில் பேசத் தொடங்குவாள். பாடம் எழுதாமல் வருவாள். தம்பியுடன் சண்டையிட்டாள் என்று பாட்டி குறை கூறுவாள். இது சீர்கேடன்று. வீட்டில் ஒரு பெரியவர் மீண்டும் எழுந்து நடமாடுகின்றார் என்பதை அவள் நம்பத் தொடங்கியதன் விளைவாக இருக்கலாம். அவ்வாரத்தில் அவளைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்த வேண்டாம்.