2,000 டாலர் ஆளுநரும் 2 டாலர் சிப்பாயும்

ஆர்தர் செயின்ட் கிளேர், அமெரிக்காவின் வடமேற்குப் பிரதேசத்துக்கு முதல் ஆளுநர். 1788 ஜூலையில் ஓஹியோ நதிக்கரையின் மரியெட்டாவுக்கு வந்து சேர்ந்தார். அவர் ஆளுகைக்கு வந்த நிலம் சுமார் 2,60,000 சதுர மைல். இன்று அது 5 மாநிலங்கள், கூடவே மினசோட்டாவில் ஒரு பங்கு. 1789 சட்டம் அவருக்கு வைத்த ஆண்டுச் சம்பளம் 2,000 டாலர். பழங்குடி விவகாரப் பொறுப்பும் அதற்குள்ளேயே அடக்கம்.

சிப்பாயின் கணக்கு வேறு. 1790 சட்டப்படி மாதம் 3 டாலர். அதில் சீருடைக்கு 90 சென்ட், மருந்துக்கு 10 சென்ட் பிடித்தம். கைக்கு வருவது 2 டாலர், ஆண்டுக்கு 24. ஓர் ஆளுநர் சம்பளத்தில் 83 சிப்பாய்களுக்கு ஓராண்டுக் கூலி கொடுத்துவிடலாம்.

இந்தக் கூலிக்கு யார் வருவார்கள்? 1791இல் பழங்குடிகள்மீது படையெடுக்க 6 மாத ஒப்பந்தத்தில் ஆள் திரட்டினார்கள். பயிற்சி இல்லை. கூடாரங்கள் ஒழுகின, காலணிகள் பிய்ந்தன, வெடிமருந்தும் தரமில்லை. கீல்வாதத்தில் துடித்தபடியே ஆளுநர் படையை நடத்தினார். நவம்பர் 4 காலை, வாபாஷ் நதிக்கரையில், லிட்டில் டர்ட்டில், புளூ ஜாக்கெட் தலைமையில் சுமார் 1,000 பழங்குடி வீரர்கள் முகாமைச் சூழ்ந்தார்கள். மூன்று மணி நேரத்தில் அமெரிக்கத் தரப்பில் 600க்கு மேல் பிணம். எதிர்த்தரப்பில் இறந்தவர்கள் 21 பேர் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பழங்குடிகளிடம் அமெரிக்க ராணுவம் அதற்கு முன்போ பின்போ ஒரே சண்டையில் இத்தனை பேரைப் பறிகொடுத்ததில்லை.

கூலியில் சிக்கனம் பிடித்த அதே அமெரிக்க நாடாளுமன்றம் (காங்கிரஸ்), 1792இல் ராணுவத்தைச் சுமார் 5,000 பேராக்க ஒப்புக்கொண்டது. ஆண்டுச் செலவு மதிப்பீடு 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

ஆளுநருடைய சொந்தக் கணக்கும் தேறவில்லை. 1760இல் மணம் முடித்தபோது மனைவி வழியில் 14,000 பவுண்டு வந்தது. பென்சில்வேனியாவின் லிகோனியர் பள்ளத்தாக்கில் 4,000 ஏக்கர் வாங்கினார். அரசுக்காகத் தன் பெயரில் பட்ட கடன் முழுதாகத் திரும்பவில்லை, 1810இல் நிலம் ஏலத்துக்குப் போனது. பதவி அதற்கு முன்பே, 1802இல், போயிருந்தது. மாநிலமாகும் உரிமைக்கு 60,000 மக்கள் வேண்டும் என்றது பிரதேசத்துக்கான 1787 சட்டம். 1800 கணக்கெடுப்பில் ஓஹியோவில் இருந்தவர்கள் 45,365. அவசரப்பட வேண்டாம் என்று வாதாடிய ஆளுநரை ஜனாதிபதி ஜெபர்சன் நீக்கினார். இந்த எண்ணில் நியாயம் அவர் பக்கமே என்பேன்.

வாபாஷ் தோல்வியை விசாரித்த நாடாளுமன்றக் குழுவும் அவரைக் குற்றமற்றவர் என்றது. பழி சரக்கு அனுப்பியவர்கள்மீது விழுந்தது. ஆனால் 1789 ஜனவரியில், ஹார்மர் கோட்டையில், ஷானி, மயாமி மக்கள் சேராத ஒப்பந்தம் ஒன்றில் 6,000 டாலர் சரக்கு கொடுத்து ஓஹியோ எல்லையை உறுதிசெய்தவர் இதே ஆளுநர்தான். போர் அந்த எல்லைக்காகத்தான் நடந்தது. அங்கே அவரைக் குற்றமற்றவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1795இல் கிரீன்வில் ஒப்பந்தத்தில் பழங்குடிகளுக்கு அரசு கொடுத்தது 20,000 டாலர் சரக்கு, அதோடு ஆண்டுதோறும் 9,500 டாலர். அதுவும் போரில் வென்ற பிறகு.