உங்கள் பெயர் என்ன?

மேற்படிப்புக்கு வசதியில்லையே என்று கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களில் ஏங்கும் பிள்ளைகளுக்குச் சமுதாயக் கல்லூரி ஒரு வழி. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-லும், சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் 1996-லும் இத்தகைய கல்லூரிகளைத் தொடங்கின. இவ்வழியில் கற்கத்தக்க தொழில்களுள் ஒன்று, பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தல்.

இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணாதீர்கள். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருந்தால் பரிசோதனை முடிவே மாறக்கூடும். அதனினும் பெரிய பாடம் ஒன்றுண்டு. “நீங்கள்தாமே இன்னார்?” என்று வினவினால், களைத்த நோயாளி வெறுமனே தலையசைத்துவிடுவார். ஆகவே, “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டு, அவரருகில் நின்றபடியே குழாயில் பெயரெழுத வேண்டும். பெயர் மாறினால், ஒருவர் நோய்க்கு வேறொருவர் மருந்துண்ண நேரிடும்.

பெற்றோரே, பொறுமையும் நேர்மையும் உள்ள பிள்ளைக்கு இது சிறு வேலையன்று.