ஒரே பந்தி, பல விளக்கங்கள்

பட்டு நெசவுக்குப் பெயர்போன ஆரணியில் 19ஆம் நூற்றாண்டில் காலூன்றிய ஆர்க்காடு மிஷன், அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. திருவிருந்தில் அப்பமும் திராட்சை இரசமும் மாறுவதில்லை, ஆனால் விசுவாசத்தோடு பெறுவோருக்குக் கிறிஸ்து தூய ஆவியால் தம்மையே தருகிறார் என்பது கால்வின் வழிவந்த அச்சபையின் போதனை. கத்தோலிக்கருக்கோ, தோற்றம் மாறாமலே அவை கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறிவிடுகின்றன. அப்பம் அப்பமாக இருக்கும்போதே கிறிஸ்துவின் உடலும் அதில் உண்மையாக இருக்கிறது என்றார் லூதர். நினைவுகூரலையே முதன்மையாக்கிய சக சீர்திருத்தவாதி சுவிங்லியோடு 1529இல் மார்பர்க்கில் அவரால் உடன்பட முடியவில்லை.

இந்த வேறுபாடு தீராமல் ஒரே பந்தியில் அமர முடியுமா? முடியும் என்பதற்கு 1947 செப்டம்பர் 27 சான்று. அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், ஆர்க்காடு மிஷன் சபைகள் ஏற்கெனவே சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாயின. திருவிருந்தின் வழியாகக் கடவுள் நம்மில் செயல்படுகிறார் என்று அறிக்கையிட்டார்கள். எவ்வாறு என்பதற்கு ஒரே விளக்கத்தைக் கட்டாயமாக்கவில்லை. அது சரியான முடிவென்றே கருதுகிறேன். கொள்கையை மழுப்பிவிட்டார்கள் என்று சிலர் சொல்லலாம். அந்தக் கவலையை அலட்சியம் செய்யக்கூடாது. தமிழ் லுத்தரன் சபை அந்த இணைப்பில் சேரவில்லை. ஆனால், சபையைப் பிரிப்பது எப்போதும் கொள்கை விளக்கமே அல்ல. 1833இல் சபைக்குள் சாதி பார்ப்பதை ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் தடைசெய்தபோது தஞ்சையில் பலர் விலகிப்போனார்கள். அவர்களைப் பிரித்தது அப்பத்தைப் பற்றிய விளக்கம் அல்ல. அதே கிண்ணத்தில் இன்னார் பருகலாமா என்ற கேள்வி.