பச்சை குத்துதல்: ஊசி மட்டும் புதிதாயிருந்தால் போதுமா?

தைப்பூசம் கழிந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. எமது மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு தாயாருக்கு இரத்தம் கொடுக்க அவருடைய இரு மகன்களும் வந்தனர். இருவரையுமே திருப்பி அனுப்ப நேர்ந்தது. பாதயாத்திரையாகப் பழனிக்கு வந்தவர்கள், அடிவாரத்துக் கடைவீதியில் முன்கையில் வேல் பச்சை குத்திக்கொண்டிருந்தனர். பச்சை குத்திய நாளிலிருந்து 12 மாதங்கள் இரத்ததானம் செய்யலாகாது என்பது நம் நாட்டு விதி. அன்னையாருக்கு வேறு கொடையாளரிடமிருந்து இரத்தம் கிடைத்துவிட்டது. ஆயினும், "நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம் டாக்டர், எங்கள் இரத்தத்தில் என்ன குறை?" என்று மூத்தவர் கேட்டதற்கு அவசரத்தில் முழுமையாக விடை சொல்ல இயலவில்லை. அதை இங்கே கூறுகிறோம்.

பச்சை குத்துதல் நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் பலரின் கைகளில் கோலமும் புள்ளிகளும் இருந்தன. மஞ்சள் தூளையும் அகத்தியிலையையும் துணியில் சுருட்டித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுப்பானையில் படிந்த கரியை நீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து மையாக்கினர் என்று எட்கர் தர்ஸ்டன் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பதிவு செய்துள்ளார். அவர்களுக்கு நோய் எதுவும் வரவில்லையே என்று எம்மிடம் கேட்போர் உண்டு. வந்திருந்தாலும் காரணத்தை அறிய அன்று வழியில்லை. ஹெபடைடிஸ் பி கிருமி 1960களிலும், ஹெபடைடிஸ் சி கிருமி 1989இலும்தான் கண்டறியப்பட்டன.

தோலின் மேலடுக்கு சில வாரங்களில் உதிர்ந்து புதுப்பிக்கப்படும். ஆகவே, மை நிலைக்க வேண்டுமானால் அதற்குக் கீழுள்ள அடுக்கில் செலுத்தப்பட வேண்டும். அங்கே இரத்த நுண்குழாய்கள் உள்ளன. இயந்திர ஊசி அவ்வடுக்கை மீண்டும் மீண்டும் துளைக்கிறது. முன்பு குத்திக்கொண்டவருக்குத் தொற்று இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே அடுத்தவருக்கு அதைக் கொண்டுசேர்க்கப் போதுமானது. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே 7 நாட்கள் வரையிலும் தொற்றும் ஆற்றலுடன் இருக்கக்கூடியது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றிக் கல்லீரலைச் சிதைக்கவல்லவை. தொற்றிய முதற்சில வாரங்களில் இரத்தப் பரிசோதனைக்கும் அவை புலப்படாமல் போகலாம். மூத்தவரின் கேள்விக்கு விடை இதுவே: நன்றாக இருப்பதாக நாம் உணர்வது, இரத்தம் தூயது என்பதற்குச் சான்றாகாது.

பழனியில் முடியிறக்க அமர்வோர், "புது பிளேடு போடுங்கள்" என்று கேட்பதைக் காண்கிறோம். நல்ல வழக்கம். பச்சை குத்தும் கடையிலும் உறை பிரிக்காத ஊசியைக் கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால், அத்துடன் நின்றுவிடுகிறார்கள். புதிய ஊசி, முந்தையவருக்குப் பயன்பட்ட அதே மைக்கிண்ணத்தில் தோய்க்கப்பட்டால் பயன் என்ன? மையை நீர்க்கச் செய்யும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரே கலைஞரிடம் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் கொப்புளங்கள் தோன்றின. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, நீரில் வாழும் ஒரு கிருமியே காரணம். அது உற்பத்தியாளரே நீர்த்து விற்ற சாம்பல்நிற மையில் இருந்தது. இத்தகைய தொற்றுக்கு வழக்கமான ஐந்துநாள் மாத்திரைகள் போதா. மாதக்கணக்கில் மருந்து தேவைப்படும்.

மையின் சேர்மானமும் கவலைக்குரியதே. ஒவ்வாமை மிகுதியாகக் காணப்படுவது சிவப்பு நிறத்தில். குத்திப் பல மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழிந்த பின்னும் அது தடித்து அரிக்கலாம். மைத்துகள்கள் நெறிக்கட்டிகளுக்கும் சென்று படிகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மைகளில் சேரும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தியுள்ளது. கடைவீதியில் பெயர்ச்சீட்டற்ற புட்டியில் வரும் மையில் என்ன உள்ளது என்பதை விற்பவரே அறியார்.

நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதோர், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோர், தழும்பு மேடாக வளரும் உடல்வாகினர், கருவுற்றோர் ஆகியோர் பச்சை குத்திக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வோம்.

புதிதாகக் குத்திய இடம் ஒரு திறந்த புண். குத்திய கையோடு சண்முக நதியில் மூழ்கிக் குளிப்பதும், மறுநாள் கொடைக்கானல் சென்று அருவியில் நனைவதும் இங்கே வாடிக்கை. புண் ஆறும் வரை, ஏறத்தாழ மூன்று வாரங்கள், இவற்றைத் தவிர்க்க வேண்டும். கொடைக்கானலில் குளிர் இருந்தாலும் அவ்வுயரத்தில் புறஊதாக்கதிர் கடுமையானது. அவ்விடத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ பூச வேண்டாம். சிவப்பு பரவுதல், சீழ், காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒருவருக்குக் குத்திய ஊசியே உங்களுக்கும் குத்தப்பட்டது என்று தெரிந்தால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். முன்னதாகத் தொடங்குவது மேலும் நன்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முன்பு போடாதவர்கள் அதனையும் உடனே போட்டுக்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. எனினும் காலத்தே கண்டறிந்தால் மாத்திரைகளால் பெரும்பாலும் குணமாகும்.

அவ்விரு சகோதரர்களும் 72 மணி நேரத்தைக் கடந்து வந்தவர்கள். முதற்பரிசோதனையில் இருவருக்கும் தொற்று காணப்படவில்லை. தடுப்பூசியின் முதல் தவணையை அன்றே போட்டோம். மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் மீண்டும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.